நீதிபதியை நிறுக்கும் தராசு

நீதிபதி பிறரை நிறுக்கிறார். அந்த நீதிபதியை நிறுக்கும் தராசு யாருடைய கையில் இருக்கிறது? இவ்வினாவை எழுப்பும் உரிமை சட்டம் கற்றோருக்கு மட்டுமே உண்டென்று நாம் கருதவில்லை. வழக்கும் தீர்ப்பும் தமிழிலக்கியத்தின் நெடுங்காலப் பொருள்கள். நம் காப்பியங்களுள் தலையாயது ஒரு வழக்கின் கதை. நம் மொழியின் முதல் நாவலை எழுதியவர் ஒரு நீதிபதி. ஆகவே, நீதிபதிக்குரிய தகுதி யாது, அவருடைய அணுகுமுறை எவ்வாறிருத்தல் வேண்டும் என்று ஆராய்வது இலக்கிய விமர்சனத்தின் கடமைகளுள் ஒன்றேயாம்.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினாவைப் பொதுமக்களே கேட்கின்றனர். 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் மக்கள் வாக்கினாலே தெரிவு செய்யும் முறையைக் கைக்கொண்டது. 1846இல் நியூயோர்க் மாநிலமும் அவ்வழியிற் சென்றது. இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு படியிலுள்ள நீதிபதிகளாவது வாக்காளர்முன் நிற்கின்றனர். அவர்களுள் விசாரணை நீதிபதியின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. மேன்முறையீட்டு நீதிபதி காகிதங்களைப் படிக்கிறார். விசாரணை நீதிபதியோ சாட்சியின் முகத்தையும் குற்றஞ் சாட்டப்பட்டவரின் நடுக்கத்தையும் நேரிற் காண்கிறார். பதவிக்காலம் முடியும் தறுவாயில் அவர் மீண்டும் மக்களிடம் வருகிறார். கற்ற கல்லூரி, வழக்கறிஞராய் இருந்த ஆண்டுகள், விசாரித்த வழக்குகள் ஆகியவற்றை அடுக்கிக் கூறுகிறார். பொறுமையுடன் கேட்பேன், பக்கம் சாரேன், சட்டத்தின் வழி நிற்பேன் என்கிறார். தகுதி என்பது ஒரு பட்டியலாகவும், அணுகுமுறை என்பது ஒரு வாக்குறுதியாகவும் அங்கே அமைகின்றன.

நம் நாட்டில் இவ்வழக்கம் இல்லை. நீதவானையும் மாவட்ட நீதிபதியையும் நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கிறது. ஹுன்னஸ்கிரிய மலையிலிருந்து தெல்தெனிய நீதிமன்றுக்கு இறங்கிச் செல்லும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு, அங்கே வீற்றிருப்பவர் யார், எவ்வாறு வந்தார், எப்போது போவார் என்பன எவையும் தெரியா. இந்நிலை மாறவேண்டும் என்று விரும்புவோர், வாக்குப் பெட்டியே அதற்கு வழியென்று எளிதில் முடிவு செய்துவிடக்கூடும். அம்முடிவுக்கு வருமுன், நம் இலக்கியமும் வரலாறும் நீதிபதியைப் பற்றி என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்த்தல் தகும்.

நீதிபதியின் தகுதியை வழக்காளிகளே ஐயுற்ற நிகழ்ச்சி ஒன்று தமிழில் உண்டு. அது கரிகாற் சோழனைப் பற்றியது. பழமொழி நானூறு அதனைக் குறிப்பிடுகிறது. வழக்குத் தீர்க்க வந்த முதியோர் இருவர், அரசன் இளைஞனாயிருக்கக் கண்டு, இவனால் நம் வழக்கின் முடிவு காண இயலுமோ எனத் தயங்கினர். கரிகாலன் நரைமுடி தரித்து முதியவன்போல் வந்தமர்ந்து, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புக் கூறினான். இக்கதையைச் சொல்வோர் அரசனின் அறிவு நுட்பத்தை மட்டும் மெச்சுவர். நாம் மற்றொன்றையும் காண்கிறோம். வழக்காளிகள் எழுப்பிய ஐயம் நேர்மையானது. அதற்கு அரசன் கொடுத்த விடையோ வேடம். தன் தோற்றத்தை மாற்றினானேயன்றி, தன் தகுதியை அவர்கள்முன் நிறுவவில்லை. தீர்ப்பு நல்லதாய் அமைந்தது அவர்களுடைய நற்பேறு. தேர்தல் சுவரொட்டியில் நீதிபதி அணியும் கறுப்பு அங்கியும், குடும்பத்தோடு நின்று சிரிக்கும் படமும், அக்காலத்து நரைமுடியின் வழித்தோன்றல்கள் எனலாம். தோற்றம் நம்பிக்கையை உண்டாக்கலாம். தகுதிக்கு அது சான்றாகாது.

தகுதியைவிட அணுகுமுறையே வழக்கின் உயிர் என்பதைச் சிலப்பதிகாரம் போல் விளக்கும் நூல் வேறில்லை. பாண்டியன் நெடுஞ்செழியன் தகுதியிற் குறைந்தவனல்லன். வீரமும் கல்வியும் குலப்பெருமையும் உடையவன். எனினும் அவன் நடத்திய விசாரணை யாது? ஊடி அகன்ற கோப்பெருந்தேவியின் சினந் தணிக்க அந்தப்புரம் நோக்கி நடக்கும் வழியில், பொற்கொல்லன் ஒருவன் சொன்ன குற்றச்சாட்டைக் கேட்கிறான். கேட்ட அவ்விடத்திலேயே ஆணையிடுகிறான். குற்றஞ் சாட்டியவனே உண்மைக் கள்வன்; தன் களவை மறைக்கும் நலன் அவனுக்கு இருந்தது; அதை அரசன் உசாவவில்லை. குற்றஞ் சாட்டப்பட்டவனை அழைத்துக் கேட்கவில்லை. சிலம்பு தேவியுடையதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. தன் முடிவுக்குக் காரணமும் கூறவில்லை.

இன்னொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. கோவலனைக் கண்ட காவலருள் ஒருவன், இவன் முகம் கள்வனின் முகமாகத் தோன்றவில்லை என ஐயுறுகிறான். எளிய காவலனுக்குத் தோன்றிய ஐயம் அரசனுக்குத் தோன்றவில்லை. அவ்வையத்தைப் பொற்கொல்லன் தன் சொல்வன்மையால் அடக்குகிறான். களவு நூலையே எடுத்து விரிக்கிறான். அதன்பின் அறிவற்ற ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அதிகாரம் விரைந்து ஆணையிடுகிறது. கல்வி அதற்கு நியாயம் கற்பிக்கிறது. அறியாமை கொலை செய்கிறது. ஈராயிரம் ஆண்டுகளாக உலகின் நீதிமன்றங்கள் பலவற்றில் நடந்துவரும் நாடகத்தின் உறுப்புகள் மூன்றும் இங்கே உள்ளன.

இக்காட்சியை ஊழ்வினையின் விளைவென்று இளங்கோவடிகள் உரைக்கிறார். நம் பழைய உரைகாரரும் புதிய பேராசிரியருள் பலரும் அங்கேயே நின்றுவிட்டனர். தவறு தெரிந்ததும் பாண்டியன் தன்னையே கள்வனெனக் கூறி உயிர்விட்டதை எடுத்துக்காட்டி, தமிழரின் நீதி இத்தகையது எனப் பெருமிதங் கொள்வது மேடைதோறும் நாம் கேட்கும் பேச்சு. இதனை நாம் ஏற்பதற்கில்லை. அரசனின் மரணம் அவனுடைய மனச்சான்றின் உயர்வைக் காட்டுகிறது. அவன் மன்றின் குறையை அது மாற்றவில்லை. கோவலன் மீளவில்லை. அடுத்த அரசனும் வழிநடையில் தீர்ப்புக் கூறுவதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் பிறக்கவில்லை. அத்தவறு வெளிப்பட்டதற்கும் அரசன் காரணனல்லன். கையில் ஒற்றைச் சிலம்புடன் வாயிலில் வந்து நின்ற ஒரு வணிகப் பெண்ணே காரணம். அவள் மறுவிசாரணை கோரினாள். சான்றை உடைத்துக் காட்டினாள். தேவியின் சிலம்பிலுள்ளவை முத்துக்கள், தன் சிலம்பிலுள்ளவை மாணிக்கங்கள் என்று வேறுபாட்டை மெய்ப்பித்தாள். அவள் வாராதிருந்தால், அரசன் தன்னைச் செங்கோலன் என்றெண்ணியே வாழ்ந்து முடிந்திருப்பான். ஆகவே வழக்குரை காதையின் உண்மைப் பாடம் நீதிபதியின் நாணத்தில் இல்லை. நீதிபதியை நோக்கி வினவும் உரிமையிலேயே இருக்கிறது.

அவ்வுரிமைக்கு நம் மரபு கண்ட மற்றோர் உருவம் ஆராய்ச்சி மணி. கன்றை இழந்த பசு மணியை அசைத்ததும், அரசன் தன் மகன்மேலேயே தேர்க்காலை ஏற்றியதும் பெரிய புராணத்தில் மனுநீதிச் சோழன் கதையாக வருகின்றன. இதே கதையை மகாவம்சம் அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனுக்கு உரியதாகச் சொல்கிறது. சோழ நாட்டிலிருந்து வந்த அவன் நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்டான் என்றும், வழக்கென வந்தால் நண்பன், பகைவன் எனப் பாராதவன் என்றும் அச்சிங்கள பௌத்த நூல் புகழ்கிறது. இனப்பகையை வளர்ப்போர் இரு பக்கத்திலும் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். நாம் அங்கே சற்று நிற்போம். அந்த மணியின் சிறப்பு, அதனை ஒலிக்க எந்த மொழியும் தேவைப்படவில்லை என்பதே. வாயில்லாப் பசுவும் அதனை அசைத்து அரசனை எழுப்ப முடிந்தது. இவ்வொன்றை மனத்திற் கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

மணியும் அரசனும் கதைகள். கல்லில் வெட்டப்பட்ட வரலாறு ஒன்றும் நமக்கு உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் இரு சாசனங்கள் பொறிக்கப்பட்டன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரை எவ்வாறு எடுப்பது என்று அவை விதிக்கின்றன. சோழர் கால ஊர்ச்சபைகள் ஏரியையும் நிலத்தையும் மட்டுமன்றி வழக்குகளையும் கவனித்தன. தவறுதலாகக் கொலை செய்தவன் கோயிலுக்கு நுந்தா விளக்கு வைக்கவேண்டும் என்பன போன்ற தீர்ப்புகள் கல்வெட்டுகளில் உள்ளன. ஆகவே உத்தரமேரூர் விதிகள் நம் வினாவுக்கு நெருங்கியவை.

அங்கே தகுதிப் பட்டியல் தெளிவானது. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். இரண்டாம் சாசனத்தின்படி வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதக் கல்வி வேண்டும். முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிப்பர். பதவி முந்நூற்றறுபது நாள். குற்றப்பட்டவர் இடையிலேயே நீக்கப்படுவர். நம் கருத்தைக் கவர்வன இவற்றினும் மேலான இரு விதிகள். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் எடுக்கப்படார். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவரின் பெயர் குடத்துக்குள் வாராது. அதாவது, மீண்டும் பதவி பெறுதல் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சிக்கலாக உணரப்பட்டிருக்கிறது. பதவியை விட்டிறங்கி, கணக்கை ஒப்புவித்து, மூன்றாண்டு சாதாரண மனிதராக வாழ்ந்து காட்டிய பின்னரே ஒருவருடைய ஓலை மறுபடியும் குடத்தைச் சேரும்.

இதனை மக்களாட்சி என்று முழங்குவோருடன் நாம் சேரமாட்டோம். அது பிராமணருக்குத் தானமளிக்கப்பட்ட ஊர். நிலமில்லாதவனும், வேதம் மறுக்கப்பட்டவனும், பெண்ணும் அக்குடத்துக்கு வெளியே நின்றனர். ஊரின் வயலை உழுதவன் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. கணக்குக் காட்டும் கடமை இருந்தது. யாருக்குக் காட்டுவது என்றால், நிலமுடையோர் நிலமுடையோருக்கே காட்டினர். எனினும் அவ்விதியின் கரு பொன்னானது. உத்தரமேரூரின் கணக்கு விதியை அதன் வர்க்க வேலியிலிருந்து மீட்டெடுப்பதே நம் போன்றோரின் பணி.

அவ்வாறாயின், எல்லோருக்கும் வாக்குரிமை உள்ள இக்காலத்தில், நீதிபதியைத் தேர்தலுக்கு நிறுத்திவிட்டால் வேலி தகர்ந்துவிடாதா? கணக்குக் கேட்போர் முழு மக்களும் ஆகிவிடமாட்டார்களா? முற்போக்காளருக்கு இவ்வாதம் இனிக்கும். ஆயின் அனுபவம் வேறு கூறுகிறது.

கிரகரி ஹியூபர், சான்போர்ட் கோர்டன் என்ற இரு அரசறிவியலாளர் பென்சில்வேனியா மாநிலத்து விசாரணை நீதிபதிகளின் தண்டனைத் தீர்ப்புகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். தேர்தல் நெருங்க நெருங்க நீதிபதிகள் விதிக்கும் சிறைக்காலம் நீள்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. குற்றம் மாறவில்லை, சட்டம் மாறவில்லை, நாட்காட்டியின் தாள் மட்டும் கிழிந்தது. தேர்தலுக்கு முந்திய மாதத்தில் மன்றேறியவன், அதே குற்றத்துக்கு, தேர்தலுக்குப் பிந்திய மாதத்தில் மன்றேறியவனைவிடக் கூடுதல் காலம் சிறையிலிருக்கிறான். அவர்களுள் வறியவர் எத்தனை பேர், கறுப்பர் எத்தனை பேர் என்பதை அமெரிக்கச் சிறைகளைப் பற்றி அறிந்தோர் ஊகித்துக் கொள்வர்.

மறுபக்கமும் உண்டு. கலிபோர்னியாவில் ஆரன் பேர்ஸ்கி என்ற விசாரணை நீதிபதி, பாலியல் வன்முறைக் குற்றவாளியாகக் காணப்பட்ட பல்கலைக்கழக மாணவன் ஒருவனுக்கு 2016 ஜூனில் ஆறுமாதச் சிறை மட்டும் விதித்தார். அதே மாதம் நடந்த தேர்தலில் அவரை எதிர்ப்பார் இன்மையால் மீண்டும் பதவி பெற்றார். மக்கள் சீற்றம் வளர்ந்தது. 2018 ஜூனில் தனி வாக்கெடுப்பொன்றின் மூலம் அவரை மீளழைத்தனர். பாதிக்கப்பட்ட பெண்ணின் பக்கம் நின்ற அச்சீற்றத்தை யாரும் சிறிதென்று தள்ளிவிட முடியாது. எனினும் அதனைக் கண்ட பிற நீதிபதிகள் கற்ற பாடம் யாதாயிருக்கும்? செல்வர் மகனிடம் இரக்கம் காட்டலாகாது என்பதா, அல்லது எவரிடமும் இரக்கம் காட்டலாகாது என்பதா? இரண்டாம் பாடத்தைக் கற்றால் அதன் சுமை ஏழையின் தோளிலேயே விழும்.

நம் வாசகருட் பலர் வேறோர் எடுத்துக்காட்டை நினைப்பர். 1936ஆம் ஆண்டின் சோவியத் அரசியலமைப்பு, மக்கள் நீதிமன்ற நீதிபதிகளை மாவட்டக் குடிகளே மூன்றாண்டுக்கு ஒருமுறை இரகசிய வாக்கினால் தெரிவு செய்வர் என விதித்தது. எழுத்தில் அது உயர்ந்த விதி. நடைமுறையில் வாக்குச் சீட்டில் ஒரு பெயரே இருந்தது. ஒற்றைப் பெயருக்கு இடும் வாக்கு கணக்குக் கேட்பதாகாது. நாம் மதிக்கும் இலட்சியத்தின் பெயரால் நடந்தது என்பதற்காக உண்மையை மறைத்தல் விமர்சனமும் ஆகாது. மெக்சிக்கோவும் 2025 ஜூன் முதலாம் நாள் தன் நீதிபதிகளை வாக்கினாலே தெரிவு செய்தது. நூற்றுக்குப் பதின்மூவர் அளவினரே வாக்களிக்கச் சென்றனர். நூற்றுக்கணக்கான பெயர்களைக் கண்டு மலைத்த மக்களிடமிருந்து பெறும் ஒப்புதல் எத்துணை ஆழமுடையது?

இவை யாவும் தூரத்து நாட்டுச் செய்திகள். நம் நாட்டில் நீதிபதி மறுதேர்தலை நாடியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதே நமக்குரிய கேள்வி.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தொழிலாளரின் வாக்குரிமையைப் பறித்தன. 1951இல், கோடகன்பிள்ளை என்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்கும் வழக்கில், திருத்த அதிகாரியாயிருந்த சிவஞானசுந்தரம், அச்சட்டங்கள் சிறுபான்மையோரைக் காக்கும் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்று அதனை மாற்றியது. 1953இல் கோமறை மன்றும் சட்டங்கள் செல்லுமென முடித்தது. சிங்களம் மட்டும் சட்டத்தின்கீழ்ச் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் தொடுத்த வழக்கில், 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர், அச்சட்டமும் அதே 29ஆம் பிரிவுக்கு மாறானது எனத் துணிந்துரைத்தார். 1967இல் உயர் நீதிமன்று வேறொரு காரணங் காட்டி அத்தீர்ப்பைத் தள்ளியது. 1969இல் கோமறை மன்று அக்காரணத்தை நிராகரித்தது. ஆயினும் சட்டம் செல்லுமா என்ற மூலக்கேள்விக்கு விடை கூறாமல் வழக்கைத் திருப்பி அனுப்பியது. விடை வருமுன், 1972இன் அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே மறைந்தது.

இவ்விருவரும் விசாரணையின் முதற்படியில் அமர்ந்தவர்கள். மேற்படியில் இருந்தோர் காணத் தயங்கியதை அவர்கள் கண்டனர். அவர்கள் 1951இலும் 1964இலும் வாக்காளரிடம் சென்று மறுதேர்வு வேண்டியிருந்தால், அத்தீர்ப்புகளை எழுதியிருக்க முடியுமா? எழுதியிருந்தால் மீண்டும் அமர்ந்திருக்க முடியுமா? யாருடைய உரிமைக்காக முதற்றீர்ப்பு எழுதப்பட்டதோ, அவர்களுக்கு வாக்கே இல்லை. வாக்கிழந்தவனின் நீதியை வாக்குப் பெட்டியிடம் ஒப்படைப்பது ஆட்டின் வழக்கை ஓநாய்களின் சபைக்கு அனுப்புவதாகும்.

2018 மார்ச்சில் தெல்தெனியவிலும் திகனவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததை நம் மலைப்பாதையால் பயணஞ் செய்தோர் கண்டனர். அத்தீயின் நடுவே, அதே ஊர்களில், ஒரு நீதவான் மறுதேர்தலுக்கு வாக்குக் கேட்டு வீடுவீடாகச் சென்றிருப்பாரானால், பிணையும் விளக்கமறியலும் எந்தத் தராசில் நிறுக்கப்பட்டிருக்கும்?

ஆனால் நியமனமுறையே போதும் என்று இதனால் முடிவு செய்தலும் பிழையாகும். நியமிப்போரின் கை, நீக்கும் கையாகவும் மாறுவதை நாம் கண்டிருக்கிறோம். 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க பதவியிலிருந்து அகற்றப்பட்டது நம் காலத்து நிகழ்ச்சி. அன்றியும், நியமனம் பெற்றவர் நியமித்தவரை எதிர்த்து நின்ற நிகழ்ச்சிகளையும் அளவறிந்து போற்றுதல் வேண்டும். நக்கிள்ஸ் மலைச்சாரலில் உள்ள மடுல்கலையின் றெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பயில வந்த பிரேஸ்கேர்டில், தொழிலாளர் பக்கம் பேசியதற்காக, 1937இல் தேசாதிபதி அவரை நாடுகடத்த ஆணையிட்டார். பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்று அவ்வாணை சட்டத்துக்குப் புறம்பானது என்று அவரை விடுவித்தது. பெருமைக்குரிய தீர்ப்பு அது. ஆயின் அதே மலைகளில், 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின்கீழ், வேலையை விட்டகன்ற குற்றத்துக்காகத் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகச் சிறை சென்றனர். அவர்கள் பெயரில் எந்தப் புகழ்பெற்ற தீர்ப்பும் இல்லை. துரைமாரின் விருந்து மேசைக்கும் நீதவானின் ஆசனத்துக்கும் இடையிலிருந்த தூரம் சிறிது. லயத்துக்கும் அவ்வாசனத்துக்கும் இடையிலிருந்த தூரமோ பெரிது.

எனின், நீதிபதியை நிறுக்கும் தராசு எது? இதற்கு விடை தேடுங்கால், தமிழின் முதல் நாவலாசிரியர் நமக்குத் துணை வருகிறார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றிய விசாரணை நீதிபதி. 1859இல் நீதிநூலை வெளியிட்டவர். கையூட்டைக் கடிந்து பாடியவர். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில், ஆண்வேடம் பூண்ட ஞானாம்பாள் யானை மாலையிட்டதனால் விக்கிரமபுரியின் அரசனாகி நீதியைச் சீர்படுத்துகிறாள். யானை தெரிவு செய்யும் அரசு என்பது நகைப்புக்குரியதே. ஆயின் அக்கற்பனையின் வழியே தன் காலத்து மன்றங்களைச் சாடும் துணிவை ஆசிரியர் பெற்றார். தமிழறிந்த நீதிபதிமுன், தமிழ் பேசும் கட்சிக்காரரின் வழக்கை, தமிழரான வக்கீல் ஆங்கிலத்தில் வாதாடும் கோலத்தை அவர் எள்ளி நகையாடுகிறார். வழக்குக்குரியவன் தன் உயிரும் உடைமையும் என்ன ஆகின்றன என்பதறியாது, ஊமைக்கூத்துப் பார்ப்பவன்போல் நிற்கிறான் என்பதே அவருடைய குற்றச்சாட்டின் சாரம்.

நாவலைவிட நம் கருத்துக்கு முக்கியமானது அவர் 1862இல் செய்த மற்றொரு பணி. உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழிலாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் வெளியிட்டார். இலக்கிய வரலாற்று நூல்கள் இதனை ஒரு வரியிற் சொல்லி அகன்றுவிடுகின்றன. நாவல் பிறந்ததை விழாவெடுத்துக் கொண்டாடும் நம் அறிஞர், தீர்ப்பு தமிழில் வந்ததை ஒரு நிகழ்ச்சியாகவே கருதவில்லை. நம் நோக்கில் அது தமிழ் உரைநடையின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று. ஏனெனில், படிக்கக்கூடிய தீர்ப்பே விமர்சிக்கக்கூடிய தீர்ப்பு. நீதிபதியின் கணக்கேடு அவருடைய தீர்ப்புதான். எதைக் கேட்டேன், எதை நம்பினேன், எதை ஏன் நம்பவில்லை, ஆகவே இவ்வாறு முடித்தேன் என்று அவர் எழுதிய காரணங்களே அவர் ஒப்புவிக்கும் கணக்கு. அக்கணக்கைத் தோற்றவனும் படித்துணரும்படி செய்தவர் வேதநாயகர். உத்தரமேரூரின் நிலமுடையோர் தமக்குள் வைத்திருந்த கணக்கை, நிலமற்றவன் கைக்கும் எட்டச்செய்யும் முதலடி அது.

இந்தத் தராசை நம் மலையகத்தில் வைத்துப் பார்ப்போம். நம் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி, சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள். எனினும் தமிழ் நிருவாக மொழியாயுள்ள பகுதிகளுக்கு வெளியே நடவடிக்கை சிங்களத்தில் நிகழும்; தமிழர் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையுடையவர். உரிமை ஏட்டில் இருக்கிறது. அதனைக் கேட்டுப் பெறவேண்டும் என்றறியாத தொழிலாளிக்கு அது இல்லாததற்குச் சமம். எல்லாளனின் மணியை ஒலிக்கப் பசுவுக்கு மொழி தேவைப்படவில்லை. ஈராயிரம் ஆண்டுகளின் பின், மொழியுடைய மனிதன், தன் மொழியுடனேயே மன்றில் ஊமையாய் நிற்கலாகுமா? இக்குறை சிங்கள மக்களுக்கும் தமிழ் மக்களுக்கும் இடையிலான பகையாகக் கொள்ளத்தக்கதன்று. ஆங்கிலத்தில் எழுதப்படும் மேன்மன்றத் தீர்ப்புக்கு முன் மெததும்பறைச் சிங்கள விவசாயியும் அதே ஊமைதான்.

சிறு வழக்குகளுக்கென 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தினால் மத்தியஸ்த சபைகள் அமைந்தன. அவற்றின் உறுப்பினர் மூன்றாண்டுக்கு நியமிக்கப்படுவர். மீண்டும் நியமனம் பெறலாம். நீதிபதியின் மறுதேர்தலுக்கு நம் நாட்டில் மிக நெருங்கிய ஏற்பாடு இதுவே எனலாம். மூன்றாண்டு முடிந்து மறுநியமனம் நாடுவோரிடம் நாம் கேட்கவேண்டியவை பட்டமும் செல்வாக்கும் ஊர்ப்பெருமையும் அல்ல. இரு பக்கத்தையும் கேட்டீரா? எளியவன் பேசி முடிக்கும்வரை பொறுத்தீரா? தோற்றவனுக்கு அவன் மொழியிற் காரணம் சொன்னீரா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கூறவல்லவரே மீண்டும் அமரத் தகுதியுடையவர். நெடுஞ்செழியன் இம்மூன்றிலும் தவறினான். கண்ணகி இம்மூன்றையுமே கேட்டாள்.

இக்கேள்விகளை மாவட்ட நீதிபதியிடமும் உயர் நீதியரசரிடமும் கேட்க வாக்குச் சீட்டுத் தேவையில்லை. தீர்ப்பைப் படிக்கும் பழக்கமும், படிப்பதற்குத் தமிழிலும் சிங்களத்திலும் தீர்ப்புகளும் தேவை. பெரும்பான்மையின் கோபத்துக்கும் ஆள்வோரின் தயவுக்கும் நீதிபதி பணியலாகாது. காரணம் கூறும் கடமைக்கு மட்டும் அவர் ஒவ்வொரு நாளும் பணிந்தே ஆகவேண்டும். அக்கடமையை நிறைவேற்றினாரா என்று ஆராய்வது மக்களின் வேலை. மக்கள் சார்பில் முதலில் அதனைத் தொடங்கவேண்டியோர் எழுத்தறிவித்தலைத் தொழிலாகக் கொண்ட ஆசிரியரும், நாளை அத்தொழிலை ஏற்கவிருக்கும் மாணவருமே.

காப்பியத்து வழக்கை மனனஞ் செய்வித்துப் பரீட்சைக்கு விடை எழுதுவிப்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. கோடகன்பிள்ளை வழக்கையும் கோடீஸ்வரன் வழக்கையும் நல்ல தமிழில் ஆக்கி, வழக்குரை காதையோடு ஒருசேர வைத்து வகுப்பிற் படிப்போம். எங்கே கேட்கப்பட்டது, எங்கே கேட்கப்படவில்லை, எங்கே காரணம் கூறப்பட்டது, எங்கே காரணம் நழுவியது என்று மாணவர் தாமே குறித்துக் காட்டட்டும். அவ்வாறு பயின்ற தலைமுறை ஒன்று தோன்றுமானால், நீதிபதியை நிறுக்கும் தராசு ஆணைக்குழுவின் அறையிலோ வாக்குப் பெட்டியிலோ பூட்டிக் கிடக்காது. அது மக்கள் கைக்கு வந்து சேரும்.